வாரம் ஒரு புட்டி ஜாவெல்

"பாக்கியம், உடனே கிளம்பு. நீ வெளுத்த சட்டையைக் கையில வெச்சுக்கிட்டு மதாம் வெராந்தாவுல உட்கார்ந்திருக்காங்க!"

வாசலில் மூச்சு வாங்கியபடி நின்றாள் ஜொசெத். மதாம் என்று எல்லோரும் கூப்பிடும் சர்க்கரை ஆலை முதலாளியம்மா வீட்டுச் சமையல்காரி. அந்த வீட்டுத் துணிகளை வெளுப்பது பாக்கியம்.

கரும்புக்குக் களை எடுத்துவிட்டு வந்து கைகழுவிக்கொண்டிருந்த அவள் புருஷன் திருவேங்கடம் செம்பை நழுவவிட்டான்.

"நானும் வரேன்."

"உங்களையா கூப்பிட்டாங்க?"

"உனக்குத் துணைக்குடி."

"அத்தனை தூரத்து ஃப்ளாக் சந்தைக்கே துணைக்கு வராத மனுஷன், கூப்பிடு தூரத்துக்கு வராராம்! கேட்டியா ஜொசெத்?"

திருவேங்கடம் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

மூன்று மாதத்துக்கு முன், ஒயின் கறை போகவில்லை என்று பாக்கியம் ஜாவெல் என்னும் வெளுப்பு மருந்துத் தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்துவிட்டாள். அடைத்திருந்த அடுப்படியில் குபுகுபுவென்று ஒரு நெடி. மயங்கிச் சாய்ந்தவளை அவன்தான் வெளியே தூக்கி வந்தான். ஒரு வாரம் இருமினாள். கைத்தோல் அதற்கு முன்பே உரிந்து கிடந்தது.

ஆனால் மதாம் கண்டிப்பு. "ஜாவெல் போடாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன்." திங்கட்கிழமைதோறும் ஜொசெத் கையில் ஒரு புட்டி வந்துவிடும். பாக்கியத்தின் வேலைக்கு ஊரில் நாலு பேர் காத்திருந்தார்கள். போனால் வராது.

அந்த வாரத்திலிருந்து திருவேங்கடம் திருட்டுத்தனம் பழகினான். பாக்கியம் ஆற்றுக்குப் போனதும் துண்டால் மூக்கை இறுக்கிக் கட்டுவான். முகத்தைத் திருப்பிக்கொண்டு புட்டியைக் குழியில் கவிழ்ப்பான். பச்சைத் தண்ணீர் நிரப்பித் தக்கையை அடைப்பான்.

இன்று குட்டு உடைந்துவிட்டது!

வெராந்தாவில் மதாம் சட்டையை வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். தீவுப் பேச்சான கிரியோலில் படபடவென்று பேசினாள். ஜொசெத் தமிழில் சொன்னாள்.

"இத்தனை வருஷத்துல துணி இப்படி வெளுத்ததே இல்லையாம். ஒரு இழைகூட இற்றுப் போகலையாம். எல்லாம் ஜாவெல் மகிமையாம். அடுத்த வாரத்திலேருந்து..." ஜொசெத் பாக்கியத்தின் பக்கம் திரும்பினாள். "ரெண்டு புட்டியாம்."

"ரெண்டா!" திருவேங்கடம் அலறிவிட்டான். "வேண்டாம் மதாம்! இவ செத்துப் போயிடுவா. மூணு மாசமா நான்தான் ஜாவெலைக் கொட்டிட்டுத் தண்ணி ஊத்தி வெச்சேன். தப்பு என்னுது. இவ வேலையைப் பறிச்சிடாதீங்க!"

பாக்கியம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அட மனுஷா, நீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அந்தக் கண்றாவியை நானும்தான் தொடறதில்லை! பொழுது சாயறப்போ மூக்கைப் பொத்திக்கிட்டு வாழைக்கு அந்தாண்ட கொட்டிட்டு, வெறும் புட்டியைத்தான் திருப்பி அனுப்பறேன்."

"அப்போ இந்த வெளுப்பு?"

"விறகுச் சாம்பல் ஊறித் தெளிஞ்ச தண்ணி. ஈரப்புல்லுல விரிச்சு நாள் முழுக்க வெயில். பாதி ராத்திரி இருமறப்போ என் முதுகைத் தடவிக்கிட்டு நீங்க முழிச்சிருந்ததைப் பார்த்தப்புறமும் அந்தச் சனியனைத் தொடுவேனா?"

"என்னவாம்?" என்றாள் மதாம்.

ஜொசெத் ஒன்று விடாமல் சொன்னாள். மதாமின் புருவம் நெரிந்தது. சட்டையைப் பார்த்தாள். பாக்கியத்தின் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். புதுத்தோல் மின்னியது. சட்டென்று வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"சாம்பல்! சரி, இந்த வேலை என்றைக்கும் உனக்குத்தான். ஜொசெத், இனிமேல் இவளுக்கு ஜாவெல் அனுப்பாதே."

ஜொசெத் முந்தானையைத் திருகினாள். மதாமுக்குக் கிரியோலிலும் அவர்களுக்குத் தமிழிலுமாக மெல்லச் சொன்னாள்.

"அனுப்பினாத்தானே நிறுத்தறதுக்கு? இவ இருமி இருமிச் சுருண்டதைப் பார்த்த அன்னைக்கே ஜாவெலைப் பூட்டி வெச்சுட்டேன். மூணு மாசமா நான் கொண்டாந்து குடுத்தது நம்ம வீட்டுக் கிணத்துத் தண்ணி!"