அலாஸ்கா போகவேண்டிய பைக்

"ஹார்ன் அடிக்கல, வெர்லின். எப்படிக் கையெழுத்துப் போடுறது, நீங்களே சொல்லுங்க."

ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரர் ராய்ஸ் மறுபடி அமுக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் இதே ஹார்ன் அலறிய அலறலுக்குத் தெரு நாய்கள் எல்லாம் பதில் சொல்லியிருந்தன. போன தடவை இன்டிகேட்டர் கண் சிமிட்ட மறுத்தது. அதற்கு முன்னால் ஹெட்லைட்.

மலைத்தடத்தில் மட்டும் ஓடுகிற டர்ட் பைக்குக்கு விளக்கு, கண்ணாடி, ஹார்ன் எல்லாம் பூட்டி, ராய்ஸ் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் நம்பர் பிளேட் கிடைக்கும். அது கிடைத்தால்தான் தார்ச்சாலையில் ஏறலாம். வெர்லின் ஏறவேண்டிய சாலை கொஞ்சம் நீளம். மொன்டானாவில் இருக்கும் எங்கள் தெருவிலிருந்து அலாஸ்காவின் வட முனை வரைக்கும்.

பனி உருகின கையோடு, கஃபேயில் காலைக் காப்பி மேஜையில் எல்லார் முன்னாலும் இதை அறிவித்துவிட்டார். அறுபத்திரண்டு வயது, ஒரு தடவை உடைந்து ஒட்டிய தோள்பட்டை, பலகை மாதிரி சீட், துணைக்கு ஒருவரும் கிடையாது. அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட அவர் மனைவி ஆர்லிஸ் அதை இன்னும் இறக்கவில்லை. "இந்த மனுஷன் போனா பெட்டியிலதான் திரும்புவான்" என்று அவள் தங்கையிடம் போனில் சொன்னது, வேலிக்கு இந்தப் பக்கம் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நீவாவின் காதில் விழுந்தது. விழாமல் இருக்குமா? குழாயை மூடிவிட்டல்லவா கேட்டாள்.

ஆனால் ஊர் விருந்து வைத்துவிட்டதே. சர்ச் கூடத்துக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து, பாஸ்டர் ஜெபம் பண்ணி, பெண்கள் சேர்ந்து தைத்த போர்வையையும் போர்த்தியாயிற்று. எங்கள் ஊரில் வழியனுப்பு விருந்து சாப்பிட்டவர் போகாமல் இருக்க முடியாது. அரிசோனாவுக்குக் குடிபோவதாகச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்ட ஆர்வினை, இன்றைக்கும் மளிகைக் கடையில் "எப்ப கிளம்புறே?" என்றுதான் விசாரிக்கிறார்கள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொரு தடவை வர்றேன்," என்றார் ராய்ஸ். "நாளைக்கு நான் மான் வேட்டைக்கு லீவுல போறேன். திரும்பி வர்றதுக்குள்ள கணவாயில பனி விழுந்துடும். அப்புறம் இந்த வருஷம் கிடையாது."

வெர்லினின் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. தினமும் பைக்கை வாசலில் நிறுத்தி செயினைத் துடைத்து எண்ணெய் விடுவார். ஏர் ஃபில்டரைக் கழற்றி அலசிக் காயப்போடுவார். போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு விளக்கையும் எரித்துக் காட்டுவார். அப்படிப்பட்டவரின் பைக் ராய்ஸ் வருகிற நாள் விடிந்தால் மட்டும் ஏன் ஊமையாகிறது? அந்த கராஜுக்குள் போகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஆர்லிஸ் பண்ணையில் வளர்ந்தவள். டிராக்டரையே பிரித்துப் பூட்டுவாள். நீவா முடிவுக்கு வந்துவிட்டாள். ஒரு கேக்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"உண்மையைச் சொல்லுடி ஆர்லிஸ். வயரைப் பிடுங்குறது நீதானே?"

ஆர்லிஸ் கேக்கை வெட்டுவதை நிறுத்தவில்லை. "ஊர்ல அப்படியா பேசிக்கிறாங்க?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் நீ எதுக்கு இருக்கே?"

இதைவிட நல்ல ஒப்புதல் நீவாவுக்கு வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்குள் தபால் ஆபீஸ், கஃபே, முடி வெட்டும் கடை எல்லாவற்றுக்கும் சேதி போய்விட்டது. காப்பி மேஜை ஆட்கள் வரிந்துகட்டிக்கொண்டு வந்து வெர்லினோடு சேர்ந்து ஹார்னைச் சரிசெய்து, மற்ற சுவிட்சுகளையும் திருகி முடுக்கினார்கள். அவர்கள் போனபிறகு ஆர்லிஸ் ஒரு தட்டில் சாண்ட்விச்சோடு கராஜுக்குள் போனதை நீவா குறித்துக்கொண்டாள்.

நாலு மணிக்குத் தெருவில் எல்லாருக்கும் வாசலில் ஏதோ அவசர வேலை இருந்தது. ஈரமான புல்லுக்கே ஒருவர் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

ஹெட்லைட் எரிந்தது. இன்டிகேட்டர்கள் சிமிட்டின. ஹார்ன் அடித்தது, யாரோ கைதட்டினார்கள். படியில் நின்ற ஆர்லிஸ் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ராய்ஸ் கால் பிரேக்கை மிதித்தார். பின்னால் சிவப்பு விளக்கு வந்தது. கை பிரேக்கைப் பிடித்தார். வரவில்லை.

குனிந்து பார்த்தார். பிரேக் பிடிக்குக் கீழே பட்டாணி அளவில் இருக்கவேண்டிய சுவிட்சையே காணோம். மத்தியானம் தன் கையால் திருகி வைத்ததாகக் காப்பி மேஜைக்காரர் ஒருவர் சத்தியம் செய்தார். ராய்ஸ் உதட்டைப் பிதுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினார். வெர்லின் ஹெல்மெட்டைப் புல்லில் எறிந்தார்.

தெரு முழுக்க ஆர்லிஸைப் பார்த்தது.

"எதுக்குப் பாக்குறீங்க? ஆமா, நான்தான்," என்றாள் அவள். "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அந்த பைக் அலாஸ்கா போகாது. போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க."

கஃபேயில் வெர்லினுக்கு ஆப்பிள் பை இலவசமாகக் கிடைத்தது. எப்போது கிளம்புகிறாய் என்று யாருமே கேட்கவில்லை. இனி எந்த வருஷமும் கேட்கமாட்டார்கள். அப்படியொரு பெண்டாட்டி வாய்த்தவர், பாவம், என்னதான் செய்வார் என்று முதுகைத் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் அவர் இறைச்சியும் உருளைக்கிழங்குமாக இரண்டு தட்டு சாப்பிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது. ஈரத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடக்கூடச் செய்தார்.

ஆர்லிஸ் பாத்திரம் கழுவுவதிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:

"இனிமே ராத்திரி எழுந்து போய் வயரைப் பிடுங்கினா, கையைக் கழுவிட்டு வந்து படு, வெர்லின். தலையணை உறையில கிரீஸ் போகவே மாட்டேங்குது."