கழற்றாத டாப்

கை முழுக்க இறங்கும்படி ஆழமான பாக்கெட் வைத்து ரெஜினா தைத்துக்கொண்டு வந்திருந்த டாப்பை, கல்லூரியில் நடந்த தொழில் திட்டப் போட்டிக்கு நடுவராக வந்த வசுமதி மேடம் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு குறை சொல்ல ஆரம்பித்தார். "கம்பெனிக்கு நீ வெச்சிருக்கிற பேரு யார் வாயிலயும் நுழையாது. லோகோ மருந்துக் கடை மாதிரி இருக்கு. மாசாமாசம் ஒரு டாப் வீட்டுக்கே அனுப்பறதெல்லாம் வேலைக்கு ஆகாதும்மா. வெறும் பாக்கெட்டுக்காக யாரு டாப் வாங்குவா?" ரெஜினா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். மூன்று மாதம் உட்கார்ந்து செய்த இருபது ஸ்லைடுகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அழுகையை மறைக்கக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தாள். மேடத்தின் செல்போனும் கார் சாவியும் எப்போதோ அந்தப் பாக்கெட்டுக்குள் இறங்கியிருந்தன. கூடவே இடது கையும். "துணி வேற கனம்" என்றபடி மேடம் அடுத்த மாணவனின் மேசைக்கு நகர்ந்தார். அங்கேயும் வலது கை மட்டும்தான் காகிதங்களைப் புரட்டியது. ரெஜினாவுக்கு அப்போதுதான் மூச்சு தாராளமாக வந்தது. ஸ்லைடுகளை மூடினாள். டாப்பைத் திருப்பிக் கேட்கலாமென்று வாயெடுத்தவள், கேட்காமல் உட்கார்ந்துகொண்டாள்.