கம்பிவலைமேல் கண்ணாடி

எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

அவன் எட்டிப் பார்த்தான். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ புகை மாதிரி இருந்தது.

மேசைமேல், பழைய துண்டில், ஜமீன் படுத்திருந்தது. பச்சை இக்வானா, ஓணான் ஜாதியில் பெரியது. வால் மட்டுமே ஒரு முழத்துக்கு மேல். இருந்த இடத்துக்கே கீரையும் செம்பருத்திப் பூவும் வந்துசேர வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் மகள் வைத்த பெயர்.

இப்போது தாடை ஒரு பக்கம் வீங்கிக் கோணியிருந்தது. முன்னங்கால் தன்பாட்டுக்கு நடுங்கியது.

மகள் ஒரு விரலால் அதன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். பள்ளிச் சீருடையை இன்னும் மாற்றவில்லை.

"எலும்புல சத்தே இல்லைங்க," என்றார் டாக்டர். "யு.வி. விளக்கு போடறீங்களா?"

"போடறங்க. நல்ல விளக்கு."

நல்ல விளக்குதான். அதைத் தேர்ந்தெடுக்க அவன் எவ்வளவோ மெனக்கெட்டான். கடைக்காரர் எடுத்துக் காட்டிய நீல பல்பை, வெறும் கலர் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். சூட்டுக்கு ஒரு விளக்கு தனியாக, புற ஊதாவுக்கு நீளமான குழல்விளக்கு தனியாக. கூண்டின் ஒரு மூலை வெயில், மறு மூலை நிழல். இரண்டு மூலையிலும் வெப்பமானி. ஆசிரியர் அறையில் அவன் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள்.

பிறகு மார்கழி வந்தது. கோயம்புத்தூர்க் குளிர். கூண்டின் மேலிருந்த கம்பிவலை வழியாகச் சூடெல்லாம் வெளியே போனது.

பழைய ஷோகேஸ் கண்ணாடி ஒன்று பரணில் சும்மா கிடந்தது. சூட்டு விளக்குக்கு மட்டும் இடம் விட்டு, மீதிக் கம்பிவலைமேல் அதைப் போட்டான். கண்ணாடிமேல் புற ஊதா விளக்கை வைத்தான்.

வெப்பமானி ஏறியது. அவனுக்கு ஒரே பெருமை. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடியைச் செய்தித்தாளால் பளபளவென்று துடைத்தும் வைத்தான்.

"மேல மூடி ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? கண்ணாடி மாதிரி?"

கண்ணாடி.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல், ஒளி பாடம். வருஷா வருஷம் அவன் கரும்பலகையில் ஒரு ஜன்னல் வரைவான். சாத்திய கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வெயில் காய்ந்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? வெளிச்சம் வரும். சூடு வரும். எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

இந்த வருஷம் அந்த வகுப்பில் மகளும் இருந்தாள். பதில் சொல்லக் கை தூக்கியவள் அவள் ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டாள், இங்கேயும் கண்ணாடி இருக்கிறதே அப்பா என்று.

அவன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவே இல்லை. விளக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கீரையை ஒழுங்காகப் போடு என்று எரிந்து விழுந்தான்.

ஜமீன் நொண்ட ஆரம்பித்தபோதும் அவளைத்தான் திட்டினான். வாடின கீரையைப் போட்டிருப்பாய் என்றான். போனைப் பார்த்துக்கொண்டு பட்டினி போட்டிருப்பாய் என்றான். அவள் அடுத்த காம்பவுண்டு முருங்கையிலிருந்து தினமும் இளசாகப் பறித்து வந்தாள். ஜமீன் மெல்ல முடியாமல் துப்பியதை எடுத்துப் பொடியாகக் கிள்ளி மறுபடி ஊட்டினாள்.

"சார் என்ன வேலை பாக்கறீங்க?"

மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்திருந்த டாக்டர் சும்மாதான் கேட்டார்.

அவன் வாய் முந்திக்கொண்டது.

"ஒரு கம்பெனியிலங்க."

மகளின் விரல் ஜமீனின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த நாய்க்குட்டிப் படத்தைப் பார்த்தான். வெட்கத்தில் காது சுட்டது.

"கண்ணாடி இருக்குங்களா, இல்லைங்களா?"

சொல்லிவிடலாம். நான்தான் போட்டேன். இரண்டே வார்த்தை.

அவன் ஜமீனுக்கு அடியிலிருந்த துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

"நாந்தான் போட்டேன் டாக்டர்," என்றாள் மகள். "அதுக்குக் குளிருதேன்னு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான். விளக்கு இத்தனை நாள் எரிந்தும் ஜமீனுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை என்றார். கண்ணாடியை இன்றைக்கே எடுத்துவிட்டு மருந்தைக் கொடுத்தால் கால் தேறிவிடும், தாடைக் கோணல் மட்டும் இனி நிமிராது என்றார்.

பிறகு மகள் பக்கம் குனிந்தார்.

"ஏன் கண்ணு, படிக்கிற புள்ளதானே. இதெல்லாம் ஸ்கூல்ல சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்தாங்க டாக்டர். அன்னிக்கு நான் லீவு."

இந்த வருஷம் அவள் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. தினமும் வருகைப் பதிவு எடுப்பவன் அவன்தான்.

"சரி, அழாத. இனிமே எதுன்னாலும் அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யோணும். என்ன?"

மகள் தலையாட்டினாள்.

டாக்டர் அவனையும் பார்த்தார்.

அவனும் தலையாட்டினான்.