மயிலாப்பூர் பார்க்க வந்த அம்மாள்

"மயிலாப்பூரைச் சுத்திக் காட்டுப்பா" என்று ரிக்‌ஷாவில் ஏறிய காஞ்சிபுரத்துக் கனகம்மாள், எதையுமே சரியாகப் பார்க்கவில்லை. இழுத்துப் போன பக்கிரிக்கு எரிச்சலாக வந்தது. கபாலி கோயில் வாசலோடு திரும்பினாள். கடைத்தெருவில் வளையல் வாங்க வந்த பெண்களை உற்றுப் பார்த்தாளே தவிர, ஒன்றும் வாங்கவில்லை. சாந்தோம் சர்ச்சிலும் அதே கதைதான்.

"இன்னாம்மா, கோபுரத்தை உட்டுட்டு மனுசங்களையே பாத்துக்கினு கீறே?"

"இங்க அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்துல என் பொண்ணைத் தொலைச்சுட்டேன்ப்பா. அப்ப நாலு வயசு. இப்போ கல்யாண வயசு இருக்கும்."

பக்கிரியின் குரல் தணிந்தது. "இப்போ பாத்தா அடையாளம் தெரியுமாம்மா?"

"தெரியாது. அதான் அன்னிக்குக் கட்டியிருந்த இதே பொடவையைக் கட்டிக்கிட்டு வருஷா வருஷம் வர்றேன். அவளுக்காவது என்னைத் தெரியட்டும்."