மஞ்சள் பெயிண்ட்

சிங்கப்பூர் ஃபேரர் பார்க் திடலில் புல் வெட்டும் வண்டி ஒரு பக்கம் மொட்டையடித்து, மறுபக்கம் புதராக விட்டுக்கொண்டு போனது. வேலைக்குச் சேர்ந்து நான்காவது நாள். கண்மணி வண்டியை நிறுத்தினாள். நேற்று மாலை அதை மர வேரில் இடித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முதலாளி அப்துல் கையூம், மெக்கானிக் சுஹைபோடு வந்தார்.

"யார் மேல தப்புன்னு எதுக்கு ஆராய்ச்சி? சட்டுனு சரி பண்ணிட்டுக் கிளம்பு லா" என்று சுஹைபிடம் சொன்னார்.

இவ்வளவு நல்ல மனிதரிடமா மறைப்பது? கண்மணியின் கண் கலங்கியது.

"பாஸ், நான்தான் நேத்து வேர்ல இடிச்சுட்டேன்."

வண்டியைத் தூக்கி நிறுத்தி, பிளேடுகளை மூடியிருக்கும் டெக்கின் அடியில் டார்ச் அடித்த சுஹைப் உதட்டைப் பிதுக்கினான்.

"வேர்ல இடிச்சா டெக் இப்படி நெளியாதுக்கா. மஞ்சள் பெயிண்ட் வேற ஒட்டியிருக்கு. யாரோ கார் பார்க் ஓரத்து மஞ்சள் திட்டுல ஏத்தியிருக்காங்க."

"நான் கார் பார்க் பக்கமே போகலையே! வேலை முடிஞ்சதும் சாவியை பாஸ்கிட்ட கொடுத்துட்டேன்."

இருவரும் திரும்பினார்கள். அப்துல் கையூம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேரன் கேட்டான்மா, நான் வண்டி ஓட்டுற வீடியோ வேணும்னு..."

கண்மணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இடிச்சதும் அந்த வீடியோவுல இருக்கா, பாஸ்?"