அப்பா என்ன சொல்றார்?

பக்கவாதம் வந்த பிறகு ரங்கதுரைக்கு டேப்லெட் மூலம்தான் பேச்சு. இடது கையால் அவர் தட்டுவதை அது அவருடைய பழைய குரலிலேயே சொல்லும். ஆனால், மின்தட்டுப்பாட்டால் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு கருவிக்குத்தான் சார்ஜ் என்று விதி வந்ததிலிருந்து, அவர் பேச்சா தன் ஆபீஸ் வேலையா என்று மனைவி தெய்வானை தினமும் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

நேற்று முழுக்க அவர் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "என்னைய முதியோர் இல்லத்துல விட்றாத, தெய்வா."

இன்று அவளுக்கு விடுமுறை. இருந்தும் தன் ஆபீஸ் டேப்லெட்டையே சார்ஜில் போட்டாள்.

மதியம் மகள் மஞ்சரி அதில் அழைத்தாள். முகம் பார்த்துப் பேசினால் சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று குரல் மட்டும்தான்.

"அம்மா, இல்லத்துல இன்னைக்கே பதில் கேக்கறாங்க. அப்பா என்ன சொல்றார்?"

கட்டிலில் ரங்கதுரை இருண்ட திரையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். அவரைத் தூக்கித் தூக்கி விட்டுப்போன முதுகைத் தெய்வானை சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

"சரின்னுட்டாருடி."

"நெஜமாவா? அப்பாவே சொன்னாரா?"

"ஆமா."

தட்டும் சத்தம் நின்றது. சாயங்காலம் அவள் கஞ்சி ஊட்டப் போனபோது, அவர் வாயைத் திறக்கவில்லை.