பல் இருந்த இடம்

கடலை மிட்டாய் கடித்ததில் என் முன்பல் போய்விட்டது. டிரம்பெட்டை ஊதினால் பாதிக் காற்று உள்ளே போகிறது, மீதி குக்கர் மாதிரி வெளியே சீறுகிறது. டாக்டர் கட்டிக்கொடுத்த பொய்ப்பல்லோ ஊதும்போதெல்லாம் ஆடுகிறது. “இனிமே கீபோர்டு மட்டுந்தான்” என்று சொல்லி, பதினாறு வயதிலிருந்து என் வாயோடு இருந்த டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்து மூடினேன். எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் டெல்பின் சிரித்தாள். “அடப் போடா. இருபது வருஷமா காத்த ஒழுங்கா உள்ளேயே ஊதுன, யாரு கேட்டா? கொஞ்சம் வெளியவும் ஊதிப் பாரு.”

எங்கள் கச்சேரிக்குப் பதினோரு பேர் வருவார்கள், மைக்செட்காரரையும் சேர்த்து. அந்தந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பதால் எது தப்பு என்று எங்களுக்கே தெரியாது. மூன்றாம் வரிசைக்காரர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு முறையும் பாதியில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பல் போன பிறகு நடந்த முதல் கச்சேரியிலும் எழுந்தார். நான் பொய்ப்பல்லைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். இடதுகை கீபோர்டில் ஒரே சுரத்தை அழுத்தியிருக்க, வலதுகையால் காலடிப் பெட்டியிலிருந்து டிரம்பெட்டை எடுத்து ஊதினேன். பாதி சுரமும் பாதி காற்றுமாக என்னவோ வந்தது. டெல்பின் குச்சிகளை வைத்துவிட்டு விரல் நுனிகளால் டிரம்மைத் தூறல் மாதிரி தட்டத் தொடங்கினாள். வாசலை அடைந்தவர் குடையை விரித்து, கையை வெளியே நீட்டிப் பார்த்தார். நல்ல வெயில். விரித்த குடையோடு மெல்ல உள்ளே திரும்பினார். நான் பல் இருந்த இடத்தால் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன்.